லைசென்ஸ் போயிடுமா, டாக்டர்?

சேலத்தில் மனநல மருத்துவராக இருக்கும் என்னிடம் துப்பாக்கி லைசென்ஸ் விஷயமாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள், இல்லையென்றால் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வங்கியில் கன்மேன் வேலை பார்ப்பவர்கள். கையில் எஸ்-3 படிவம் இருக்கும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, விண்ணப்பிப்பவரின் மனநலமும் உடல்நலமும் சரியாக இருக்கின்றன, போதைக்கு அடிமையானவர் அல்ல என்று பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் இதில் சான்று தர வேண்டும். மனநல மருத்துவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்லை. ஆனால் எப்போதோ மனநல சிகிச்சை எடுத்தவர் என்று தெரிந்தால், "மனநல டாக்டர்கிட்டயே போய் வாங்கிக்குங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.

வருகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்பது, "நான் மாத்திரை சாப்பிட்டது தெரிஞ்சா லைசென்ஸ் போயிடுமா, டாக்டர்?"

போகாது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14-வது பிரிவு, சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நம்பக் காரணம் இருந்தால் உரிமத்தை மறுக்கச் சொல்கிறது. 17-வது பிரிவு, ஏற்கெனவே கொடுத்த உரிமத்தை அதே காரணத்துக்காக நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரம் தருகிறது. ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது. முன்பு சிகிச்சை எடுத்ததையோ ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததையோ மட்டும் வைத்து ஒருவருக்கு இப்போது மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் தூக்கமில்லாமல் தவித்து மாத்திரை சாப்பிட்டவரும், இன்றைக்கு யாரோ தன்னைக் கொல்ல வருவதாக நம்பிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவரும் ஒன்றல்ல.

சட்டம் இப்படி இருந்தும் பயம் போகவில்லை. அந்தப் பயம் செய்யும் கெடுதலை நான் தினமும் பார்க்கிறேன். தோட்டக்காரர் ஒருவர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தம்பி இறந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு குறைந்துவிட்டது. விடியற்காலை எழுந்து மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருப்பாராம். வீட்டம்மா எவ்வளவோ கெஞ்சியும் மலையிறங்கி வரவில்லை. "பேர் பதிவாயிட்டா துப்பாக்கியை எடுத்துக்குவாங்க" என்பதுதான் காரணம். தோட்டத்தில் காட்டெருமை இறங்குவது சகஜம். அதைச் சுட முடியாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆனாலும் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இருந்த லைசென்ஸ் தன் காலத்தில் போய்விடக் கூடாது என்ற நினைப்பு.

கடைசியில் வந்தார். நான் முதலில் கேட்டது, "துப்பாக்கி இப்ப எங்கே இருக்குதுங்கய்யா?" படுக்கையறை பீரோவில், தோட்டாக்களும் அதே பீரோவில், சாவி அவர் இடுப்பில். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடுமோ என்று வீட்டார் பயப்படுவார்கள். வராது, கேட்பதுதான் நல்லது. கொஞ்ச நேரம் கழித்து, "வந்துச்சுங்க" என்றார்.

இங்கேதான் என் வேலையின் முக்கியமான பகுதி. அவர் தகுதியானவரா இல்லையா என்று அன்றைக்கே தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. அந்த மோசமான வாரங்களில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தற்கொலை எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறைவு. அந்த நேரத்தில் கையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. எங்கள் மாவட்டங்களில் பூச்சிமருந்தையும் சாணிப்பவுடர் என்கிற, வாசல் தெளிக்கும் நச்சுச் சாயப்பொடியையும் வீட்டில் வைக்காதீர்கள் என்று குடும்பத்தாரிடம் சொல்வதும் இதற்காகவே. தேர்தல் வந்தால் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது அவருக்குப் பழக்கம்தான். "அதே மாதிரி கொஞ்ச நாளைக்கு ஆயுதக் கடையிலோ ஸ்டேஷன்லயோ வெச்சிருங்க, குணமானதும் எடுத்துக்கலாம்" என்றேன். மகன் கூடப் போய் ஒப்படைத்தார். இரவில் மனசு தாங்காவிட்டால் அழைக்க 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை வீட்டம்மாவின் போனில் பதிந்து கொடுத்தோம். மருந்து வேலை செய்தது. மாதங்கள் கழித்து, நன்றாகத் தேறிய பிறகு, அவருக்கு எஸ்-3 கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கன்மேன் கதை இன்னும் கடினம். செக்யூரிட்டி ஏஜென்சிகள் பெரும்பாலும் சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் உள்ளவரைத்தான் கேட்பார்கள். லைசென்ஸ் போனால் சம்பளமும் போகும். எல்லைப் பணியில் இருந்த ஒருவர், தீபாவளி வெடிச் சத்தத்துக்கே உடம்பெல்லாம் வேர்த்து நடுங்குகிறவர், அதை யாரிடமும் சொல்லாமல் குடித்துக் குடித்துச் சமாளித்து வந்தார். குடி அளவு மீறியபோதுதான் வந்தார். படிவம் போதைப் பழக்கத்தைத் தனியாகக் கேட்கிறது, அது நியாயமும்கூட. குடியை விடும் வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார், ஆனால் திரும்பி வந்தார். நோயாளி சொல்வதை வெளியில் சொல்லாமல் காக்க வேண்டியது என் சட்டக் கடமை. இன்னொருவருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டும் தேவையான அளவுக்குச் சொல்லலாம். இதை முதல் நாளே விளக்கிவிட்டதால்தான் அவர் என்னை நம்பினார் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்கள் அந்த ஊர்ச் சட்டத்தையும் கேட்பார்கள். அங்கே 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதிகாரப்பூர்வமாக மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவரையும், மனநிலை காரணமாக ஆபத்தானவர் அல்லது தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று நீதிமன்றம் போன்ற அமைப்பு தீர்மானித்தவரையும் துப்பாக்கி வைத்திருக்க விடாமல் தடுக்கிறது. தானாகப் போய் சிகிச்சை எடுத்தவரை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவருக்குச் சிகிச்சை எடுக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு இருந்தது; துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் பதிவேட்டுக்கு அது போய்ச் சேராததால் கடையில் துப்பாக்கி வாங்க முடிந்தது. பதிவு சரியாக இருக்க வேண்டியதன் அவசியம் எனக்குப் புரிகிறது. அதே நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மனநோயாளி என்றாலே அடுத்தவரைச் சுடுவார் என்ற பயம் தவறான இடத்தில் நிற்கிறது.

நம் ஊரில் எனக்கு இருக்கும் குறை வேறு. அந்த எஸ்-3 தாளை ஐந்து நிமிடத்தில், நாடி பார்த்து, பி.பி. பார்த்து நிரப்பிவிடுகிறார்கள். தூக்கம் எப்படி, குடி எவ்வளவு, அண்மையில் யாராவது இறந்தார்களா, வீட்டில் சண்டை உண்டா, தோட்டா எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இவற்றை எந்த டாக்டரும் கேட்கலாம், இதற்கு மனநலப் படிப்பு தேவையில்லை. மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு ஆயுதச் சட்டத்தின் 18-வது பிரிவு இருக்கிறது என்று நானும் என் பங்குக்கு வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன். சிகிச்சைச் சீட்டைக் கிழித்துப் போடாமல், கூடவே எடுத்துப் போகச் சொல்கிறேன். ஒழுங்காக மருந்து எடுத்தவர் என்பதற்கு அதுதான் அவரிடம் இருக்கும் நல்ல சாட்சி.