மருந்துச் சீட்டு கைக்கு வந்த பிறகான எட்டு வாரம்

மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டில் இருந்த பதற்றம், சீட்டு கைக்கு வந்ததும் "இனி அவர் பார்த்துக்கொள்வார்" என்று தணிந்துவிடுகிறது. பதின்பருவ மனச்சோர்வில் குடும்பங்கள் சறுக்குவது அங்கேதான். பிள்ளைகளோடும் பெற்றோரோடும் இந்தப் பாதையில் கூடவே நடந்து பார்த்ததில், எங்கே எது தவறுகிறது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பக்கத் தாள் போதும்: பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எப்போது விழிக்கிறாள், சாப்பாடு கூடியதா குறைந்ததா, முன்பு ஆசையாகச் செய்த எதையெல்லாம் விட்டுவிட்டாள், இதெல்லாம் எப்போது தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் இப்படி என்றால் அதை அழுத்திச் சொல்லுங்கள். அழுகையை மட்டும் தேடவேண்டாம். இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும். "திமிர்" என்று வீட்டில் பெயர் வைத்திருப்பது அதுவாக இருக்கலாம்.

மறைக்கவே கூடாத ஒன்று குடும்ப வரலாறு. சித்தப்பா ஒரு காலத்தில் நாள்கணக்கில் தூங்காமல், உச்ச உற்சாகத்தில் பணத்தை வாரி இறைத்தார் என்றால், வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருந்து, பிள்ளைக்கும் அந்தச் சாய்வு இருந்தால், மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுப்பது அவளை அந்த உச்ச உற்சாக முனைக்குத் தள்ளிவிடலாம். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனைகளைச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுமே சோர்வு வேடம் போடக்கூடியவை.

ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கூர்ந்து பார்ப்பார்கள். ஆனால் எண்ணை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பூஜ்யம்தான் விழும். மருத்துவர் உங்களை வெளியே உட்காரச் சொல்வது இதற்காகவும்தான். உயிருக்கு ஆபத்து இருந்தால் உங்களிடம் சொல்வார். மற்றதைக் கேட்டுக் குடையாதீர்கள்.

லேசான நிலைக்குப் பேச்சு சிகிச்சையே (மனநல நிபுணரோடு பேசி எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை) முதலில் போதும். அதற்கு மேல் என்றால் மருந்தையும் அதையும் சேர்ப்பதே நல்லது. 12 முதல் 17 வயதுள்ள 439 பேரிடம் நடத்தி 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 வாரத்தில் மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 61, பேச்சு சிகிச்சை மட்டும் என்றால் 43, வெற்று மாத்திரையில் (ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் மருந்தில்லா மாத்திரை) 35.

அந்த மருந்து ஃபுளூவாக்ஸெட்டின். வழக்கமாக 10 மில்லிகிராமில் தொடங்கி 20-க்கு ஏற்றுவார்கள். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் வரலாம். நன்மை எதுவும் தெரியாது. "ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் நிறுத்துவது இங்கே. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆனால் நிலைகொள்ளாமல் நடப்பது, திடீர் கோபம், தூக்கமே இல்லாமை, சாவுப் பேச்சு ஆகியவை வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். மனச்சோர்வு மருந்துகளை வைத்து இளையோரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்தச் சோதனைகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. ஆகவே மருந்தைக் கண்டு ஓடவேண்டியதில்லை. முதல் வாரங்களிலும், அளவு மாறும்போதெல்லாமும் கண் வைத்திருக்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்றால் "இல்ல" என்பதைத் தவிர வேறு பதில் வராது, கேள்வியே பதிலை ஊட்டிவிடுகிறது. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமாம் என்றால் அழுது புலம்பாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்கும் கொடுக்காதீர்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாளா என்று கேளுங்கள். திட்டம் இருந்தால் தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு. திட்டம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கேள்விக்கு முன்பே வீட்டிலுள்ள எல்லா மாத்திரையும் (தாத்தாவின் ரத்த அழுத்த மாத்திரை உட்பட), பூச்சிமருந்தும் பூட்டுக்குள் போயிருக்க வேண்டும்.

பகல் பொழுதுக்கு வருவோம். "மனசு சரியானதும் செய்வேன்" என்பது பிள்ளையின் கணக்கு. சிகிச்சையில் கணக்கு தலைகீழ்: முதலில் செய்கை, மனநிலை பின்னால் வரும். அதற்காக அதிகாலை ஓட்டம், புது வகுப்பு என்று கிளம்பிவிடாதீர்கள். மூன்றாம் நாள் படுத்துவிடும், "அதுவும் என்னால முடியல" என்ற பாரமும் சேரும். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, பத்து நிமிட நடை, குளியல். அவ்வளவுதான். பள்ளியை முழுக்க நிறுத்தினால் திரும்பப் போவது மலையாகிவிடும். முடிந்தவரை பாடச்சுமையைக் குறைத்து அரைநாளாவது போகவிடுங்கள்.

எட்டாவது வாரம் வாக்கில் சிரிப்பு திரும்பும், உடனே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தக் கூடாது. தேறிய பிறகு குறைந்தது 6 மாதம், பெரும்பாலும் 12 மாதம்வரை தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் படிகளில்தான். ஆறு வாரம் போதுமான அளவில் எடுத்தும் அசையவில்லையா? மருந்தை மாற்ற வழி இருக்கிறது. அதோடு பேச்சு சிகிச்சையைச் சேர்த்தால் பலன் கூடும்.

முதல் நாள் கொண்டுபோன அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மனச்சோர்வு திரும்ப வரும்போதும் பெரும்பாலும் அதே அடையாளங்களோடுதான் வரும். பிள்ளை தெளிவாக இருக்கும் ஒரு நாளில் சேர்ந்து உட்கார்ந்து அவளையே திருத்தி எழுதச் சொல்லுங்கள். எது தெரிந்தால் யாரை அழைப்பது என்பதையும் அதன் அடியில் குறித்துவையுங்கள்.