எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி

விரல் நீளம்கூட இல்லாத மரத்துண்டு அது. ஒரு பக்கம் கத்தியால் சீவித் தட்டையாக்கியிருந்தார்கள். அதில் நான்கு எழுத்துகள். இடது ஓரம் உடைந்து போயிருந்தது. ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகளை வாசித்துப் பதிவு செய்யும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் அதற்கு ஒரு வாசிப்பு எழுதிப் பதிவில் ஏற்றினேன். அது தவறான வாசிப்பு. இந்த வேலையைப் பற்றிப் பேச வாய் திறக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்கன், வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மழையில் நனைந்து கிடக்கும் ஊர். அதன் பழைய துறைமுகக் கரைக்குப் பிரிக்கன் என்று பெயர். படகுத்துறை என்றுதான் அந்தச் சொல்லுக்கே பொருள். 1955 ஜூலை 4ஆம் தேதி அங்கிருந்த மரக் கட்டடங்களில் ஒரு பகுதி எரிந்து போனது. எரிந்த இடத்தை ஆஸ்பியோர்ன் ஹெர்தெய்க் என்ற தொல்லியலாளரின் தலைமையில் தோண்ட ஆரம்பித்தார்கள். வருடக்கணக்கில் தோண்டினார்கள். கீழே இருந்தது இடைக்கால நகரத்தின் குப்பை: செருப்பு, சீப்பு, உடைந்த பாத்திரம், மரச் சீவல். ஈரமும் காற்றுப் புகாத மண்ணும் மரத்தை மக்கவிடாமல் வைத்திருந்தன. அந்தக் குப்பைக்குள்ளிருந்துதான் ஏறத்தாழ 670 ரூன் எழுத்துப் பொறிப்புகள் கிடைத்தன. பெரும்பாலும் குச்சிகள். இங்கே அவற்றை ரூனெபின்னெ என்பார்கள்.

அதுவரை ரூன் என்றாலே கல்தான். 965 வாக்கில் டென்மார்க்கின் யெல்லிங்கில் ஹரால்ட் அரசர் நாட்டிய கல், சுவீடனின் உப்லாண்ட் வட்டாரத்தில் வயலோரமும் பாதையோரமும் நிற்கும் நூற்றுக்கணக்கான நினைவுக் கற்கள். இறந்தவனுக்காக மகன் நாட்டியது, கணவனுக்காக மனைவி நாட்டியது என்று பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் பேசுகிறவை. கிறிஸ்தவத்தோடு லத்தீன் எழுத்து வந்ததும் ரூன் எழுத்து மெல்ல ஒதுங்கிவிட்டது என்றே பலர் நினைத்திருந்தார்கள். பெர்கன் குச்சிகளோ 12ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் முடிவு வரை வருகின்றன. காலத்தைக் கணிக்க உதவியதும் தீதான். 1198, 1248, 1332, 1413 என்று அந்தத் துறைமுகம் திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சாம்பலை நிரவி மேலே கட்டியிருக்கிறார்கள். எந்தக் கரிப் படலத்துக்குக் கீழே குச்சி கிடந்தது என்று தெரிந்தால் போதும், அதன் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

அப்படி என்னதான் எழுதினார்கள்? நிறையப் பெயர்ச்சீட்டுகள். சரக்கு மூட்டையில் கட்டுவதற்காக 'இன்னார் உடையது' என்று எழுதியவை. எழுத்து பழகியவர்கள் வரிசையாகப் பொறித்த அரிச்சுவடிகள். லத்தீன் ஜெபங்கள். அன்பு எல்லாவற்றையும் வெல்லும் என்ற ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் வரி ரூனிலேயே இருக்கிறது. 'என்னை நேசி, நான் உன்னை நேசிக்கிறேன், குன்ஹில்ட்' என்று ஒருவன் செதுக்கியிருக்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது அழகன் தோரிர் என்பவன் தன் கூட்டாளி ஹாவ்கிரிமுக்கு எழுதிய கடிதம். கடவுளின் வாழ்த்தும் தன் வாழ்த்தும் சொல்லி மரியாதையாகத் தொடங்குகிறான். பிறகு, கைவசம் பீரும் இல்லை மீனும் இல்லை, இதைத் தெரிந்துகொள், என்னிடம் எதுவும் கேட்காதே என்கிறான். நெட்டை தோர்ஸ்டெய்னுக்கு விஷயம் தெரியக் கூடாது என்கிறான். எனக்குக் கையுறை அனுப்பு என்றும் கேட்கிறான். வியாபாரம் நொடித்த ஒருவனின் குரல் அது. யாருக்குத் தெரியக் கூடாது என்று பதறினானோ அந்தப் பெயரோடு சேர்த்து நாங்கள் அதைப் பட்டியலில் வைத்திருக்கிறோம். அந்தப் பதிவைத் திறக்கும்போதெல்லாம் மனம் கொஞ்சம் கூசுகிறது.

தமிழ் படித்துவிட்டு இதற்குள் வந்தவளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வைக்கிங் காலத்து ரூன் வரிசையில் மொத்தம் 16 எழுத்துகள்தான். க-வுக்கும் அதன் மெல்லொலிக்கும் ஒரே எழுத்து, த-வுக்கும் ப-வுக்கும் அப்படியே. இடத்தைப் பார்த்து வாசிப்பவர்தான் ஒலியைத் தீர்மானிக்க வேண்டும். உடன் பயின்றவர்கள் இதை நினைத்துத் திணறினார்கள். 'பாக்கு', 'பகல்', 'பங்கு' மூன்றையும் ஒரே க-வில் எழுதி வளர்ந்த எனக்கு அது இயல்பாக இருந்தது. பின்னாளில் ஒலிகளைப் பிரித்துக் காட்ட எழுத்தின் மேல் புள்ளி குத்தினார்கள். புள்ளி குத்திய க, வேறு ஒலி. ஆனால் எல்லோரும் எல்லா இடத்திலும் குத்தவில்லை. 'கியூதா உன்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறாள்' என்று ஒரு பெர்கன் குச்சி சொல்கிறது. கியூதா என்ற பெயரில் புள்ளி இருக்கிறது. அதே ஒலியில் தொடங்கும் 'போ' என்ற சொல்லில் இல்லை.

அந்தச் சௌகரியத்திலேயே ஒரு கண்ணியும் இருந்தது. யெல்லிங் கல்லில் அரசர் என்பதை 'குனுக்ர்' என்று வெட்டியிருக்கிறார்கள். அதைக் கொனுங்க்ர் என்று வாசிக்க வேண்டும். தமிழில் கோன் என்று அரசனைச் சொல்கிறோமே என்று மனம் துள்ளியது. ஆனால் அந்தச் சொல் அவர்கள் மொழியில் குலம், சுற்றம் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவில்லை. மனம் துள்ளினால் கையைப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நானே எனக்கு விதித்துக்கொண்டேன். அதைக் கற்றுக்கொடுத்தது அந்தச் சின்ன மரத்துண்டு.

ரூன் பொறிப்பு ஒன்றைப் பதிவு செய்ய மூன்று வரிகள் எழுத வேண்டும். முதல் வரியில், கண்ணால் கண்ட எழுத்துகள் மட்டும், தடித்த எழுத்தில். இரண்டாவதில், அவை அக்கால வட ஐரோப்பியர் பேசிய பழைய நார்ஸ் மொழியில் எந்தச் சொற்களாகின்றன என்பது. மூன்றாவதில் மொழிபெயர்ப்பு. முதல் வரியில் ஐயமுள்ள எழுத்துக்கு அடியில் புள்ளி வைக்க வேண்டும். உடைந்து போனதை அடைப்புக்குள் காட்ட வேண்டும். கேட்பதற்கு எளிது. கை ஓடும்போது மூன்றாம் வரியில் இருப்பது முதல் வரிக்குள் இறங்கிவிடும்.

ரூனில் நேராக நிற்கும் ஒற்றைத் தண்டு 'இ'. அதில் சாய்வாக ஒரு சின்னக் கிளை சேர்ந்தால் 'அ'. உடையது என்ற சொல்லும் வெறும் நெட்டொலி ஆ-தான். என் துண்டின் கடைசித் தண்டில் ஒரு சாய்வுக் கீறல் தெரிந்தது. முன்னால் ஒரு பெயரின் கடைசிப் பகுதி போல் எழுத்துகள். பெயர்ச்சீட்டு, 'இன்னார் உடையது' என்று எழுதிவிட்டேன். எவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியது! அதுவரை நான் பார்த்திருந்தவற்றில் பெரும்பாலானவை பெயர்ச்சீட்டுகள். கண் அதையே தேடியிருக்கிறது.

எனக்கு மேலிருந்த அம்மையார் முப்பது வருடமாகக் குச்சிகளோடே இருந்தவர். பதிவைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் துண்டை விளக்கடியில் வைத்து, வெளிச்சம் மரத்தை உரசிப் போகும் அளவுக்கு விளக்கைத் தாழ்த்தினார். பிறகு அதை இடமிருந்து வலமாக நகர்த்தினார். மற்றக் கீறல்களில் நிழல் பக்கம் மாறி மாறி விழுந்தது. என் சாய்வுக் கீறலில் அப்படி விழவில்லை. ஆழமில்லை. அடி கறுக்காமல் வெளிறியிருந்தது. எழுநூறு வருடம் மண்ணில் கிடந்த வெட்டு அப்படி இருக்காது. தோண்டும்போதோ, கழுவும்போதோ, பெட்டிக்குள்ளேயோ பட்ட கீறல்.

"நீ பார்த்ததை எழுதினாயா, படித்ததை எழுதினாயா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் கேட்டார்.

இரண்டும் ஒன்றுதானே என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி இல்லை என்று எனக்குப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. புரியவைத்தது வேறொரு செய்தி. பெர்கனிலும் வேறு இடங்களிலும் கிடைத்த சில பொறிப்புகளில் எழுத்துகள் தெளிவாக இருக்கும், ஆனால் சேர்த்துப் படித்தால் ஒரு சொல்லும் வராது. அதைப் பலர் மந்திரம் என்றுகூடச் சொன்னார்கள். யூனாஸ் நூர்ட்பி என்ற நார்வேஜிய ஆய்வாளர் அவற்றில் ஒரு வகையை அவிழ்த்தார். 2014இல் அது பரவலாகப் பேசப்பட்டது. சிகுர்ட், லவ்ரன்ஸ் என்ற இருவர் தங்கள் பெயர்களைச் சாதாரண ரூனிலும் மறை ரூனிலும் பொறித்திருந்த 13ஆம் நூற்றாண்டுக் குச்சி ஒன்றுதான் திறவுகோல். ஒவ்வொரு ரூனுக்கும் ஒரு பெயர் உண்டு. ம-வின் பெயர் 'மதர்', மனிதன் என்று பொருள். மறைமுறையில் எழுத்துக்குப் பதிலாக அதன் பெயரின் கடைசி ஒலியை எழுதினார்கள். ஆகவே ம வர வேண்டிய இடத்தில் ர வரும். பல பெயர்கள் ர-வில் முடிவதால் குழப்பம் மிகும். செய்தி அனுப்ப உதவாது. ரூன் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கான விளையாட்டாக இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. எழுத்து பழகிய பிள்ளைகளை அதற்குள் என்னால் பார்க்க முடிகிறது.

என்னை உலுக்கியது அந்தத் தீர்வுக்கு முன்பிருந்த பதிவுகள். பொருள் தெரியாத எழுத்துகளை எவரோ அப்படியே, ஒரு கோடும் கூட்டாமல் குறைக்காமல், முதல் வரியில் எழுதி, மற்ற இரண்டு வரிகளையும் வெறுமையாக விட்டிருந்தார்கள். இது பிழையாக இருக்கும் என்று ஒரு எழுத்தைத் திருத்தியிருந்தால் பூட்டு திறந்திருக்காது. 17ஆம் நூற்றாண்டிலும் அப்படித்தான். டென்மார்க்கின் ஓலெ வொர்ம் என்ற மருத்துவர் ரூன் கற்களை வரையச் செய்து 1643இல் நூலாக வெளியிட்டார். அவற்றில் சில கற்கள் இன்று இல்லை. படம்தான் மிச்சம். வரைந்தவர் கை எங்கே நேர்மையாக இருந்ததோ அங்கே மட்டும் நமக்குக் கல் இருக்கிறது.

தோல் ஏடுகளைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கன்றுத் தோலில் லத்தீன் எழுத்தில் சட்டமும் சரித்திரமும் எழுதிய ஐஸ்லாந்துக்காரர்கள், மனிதன் என்ற சொல் வரும்போது இடம் மிச்சப்படுத்த ம-ரூன் ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். மரத்தில் எழுதியவர்களும் தோலில் எழுதியவர்களும் தனித்தனி உலகத்தில் இருக்கவில்லை என்பதற்கு எனக்கு அந்த ஓர் எழுத்தே போதும்.

என் துண்டின் பதிவைத் திருத்திவிட்டேன். நான்கு எழுத்துகள், கடைசியில் 'இ', அதற்கு அடியில் புள்ளி. கீழே இரண்டு வரிகள் காலி. அந்த அம்மையார் ஓய்வு பெற்றுவிட்டார். கியூதாவின் குச்சியில் 'வீட்டுக்குப் போ' என்பதற்குப் பிறகு வேறு கையால் எழுதியதுபோல் சில கீறல்கள் இருக்கின்றன. பதில் எழுத முயன்றிருக்கிறானா, வெறுமனே கிறுக்கினானா என்று சொல்ல முடியவில்லை. குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கும் நாட்களில், மற்ற வேலை முடிந்ததும் அதன் படங்களைத் திறந்து, வெளிச்சம் இடமிருந்து விழும் படத்தையும் வலமிருந்து விழும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.