கோத்தகிரிக்கு வந்த பிரேசில் பெண்: முதல் வீட்டுக்காரர்களின் அனுபவம்

ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் நம் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பினால், பெரும்பாலும் அங்கிருந்து வரும் ஒரு பிள்ளையை நம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். 15 முதல் 19 வயதுக்குள் இருக்கும் மாணவர்களுக்கானது இது. ஒரு கல்வியாண்டு முழுக்க இருப்பவர்கள் ஒரே வீட்டில் இருப்பதில்லை. சில மாதங்களுக்கு ஒரு வீடு என்று மாறிக்கொண்டே போவார்கள். வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணம் கிடையாது. 2023இல் எங்கள் மகன் பிரேசிலுக்குப் போனான். அதே ஆடி மாதச் சாரலில் 17 வயது பிரேசில் பெண் ஒருத்தி கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அவளுக்கு அமைந்த மூன்று குடும்பங்களில் நாங்கள்தான் முதல். நாங்களும் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. ரோட்டரி சங்கத்துக்காரர்கள் வந்து அறை, கட்டில், குளியலறை எல்லாம் பார்த்தார்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடந்தது. வெளிநாட்டவர் நம் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்; அப்போது அதற்கு ‘சி’ படிவம் என்று பெயர். இது ஓட்டலுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு. அதற்கான கணக்கை முன்கூட்டியே திறந்து அனுமதி வாங்கி வையுங்கள். பிள்ளை வந்த அன்று உட்கார்ந்தால் நடக்காது. அடுத்தது, 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், விசா, பள்ளியிலிருந்து அங்கே படிக்கிறாள் என்ற போனஃபைட் சான்றிதழ், தங்கும் முகவரிக்குச் சான்று, இவ்வளவுதான். எங்கள் ஈ.பி. பில் இன்னும் காலமாகிவிட்ட மாமனார் பெயரில்தான் வருகிறது (இந்த ஊரில் எத்தனை வீட்டில் இப்படியோ!). விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டு வரி ரசீதும் ஒரு கடிதமும் சேர்த்துப் போட்டதும் வேலை முடிந்தது.

குடி, போதைப்பொருள், வண்டி ஓட்டுவது, காதல் ஆகிய நான்கும் கூடாது என்பது ரோட்டரியின் விதி. ஆங்கிலத்தில் நான்குமே ‘டி’யில் தொடங்குவதால் ‘நாலு டி’ என்பார்கள். எங்களுக்கு இந்த நான்கில் ஒன்றுமே தொந்தரவு தரவில்லை. தொந்தரவு வந்ததெல்லாம் எந்த விதியிலும் எழுதாத விஷயங்களில்தான்.

உதாரணத்துக்குக் குளியல். பிரேசிலில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளிப்பது சாதாரணம். கோத்தகிரிச் சாரலில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்பாள். ‘காய்ச்சல் வந்தா அவங்க அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?’ என்று அத்தை (என் மாமியார்) என்னைத்தான் பிடிப்பார். அவளுக்கோ, நாங்கள் நாளெல்லாம் வெளியே அலைந்துவிட்டு அப்படியே படுப்பது அதைவிட ஆச்சரியம். கீசரை எட்டரைக்கே போட்டு, தலையைத் துவட்டிய பிறகுதான் படுக்கை என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஈரத் துணி காயத்தான் வழியில்லை. கூடத்தில் கொடி கட்டினோம், அந்தக் கொடி இன்னும் இருக்கிறது.

சாப்பாடு நான் பயந்த அளவு இல்லை. அவர்களுக்கும் மத்தியானம் சோறும் பீன்ஸ் குழம்பும்தான் தினசரிச் சாப்பாடு. கையால் சாப்பிடுவதுதான் அவளுக்கு ஒப்பவில்லை; பீட்சாவைக்கூட முள்கரண்டியால் வெட்டிச் சாப்பிடுகிற ஊர். அத்தை முகம் சுளித்தார். நான் ஒரு முள்கரண்டி வாங்கி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். இருவரும் ஒத்துப்போனது பட்டர் ஃப்ரூட்டில். பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் கொடுத்ததும் அவள் கண் விரிந்தது. அவர்கள் ஊரிலும் அப்படியேதான் குடிப்பார்களாம். அதற்குப் பிறகு பட்டர் ஃப்ரூட்டைப் பழுக்கவைப்பது அத்தையின் பொறுப்பு. அவள் பெயர் அத்தை வாயில் நுழையவில்லை, ‘பாப்பா’ ஆக்கிவிட்டார். பாப்பாவும் அதற்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

பெரிய சிக்கல் சாயங்கால நடை. இருட்டும் நேரத்தில் தனியாக நடந்துவிட்டு வருகிறேன் என்பாள், கூடாது என்போம். பொம்பளைப் பிள்ளை என்பதால்தான் அடைத்து வைக்கிறோம் என்று எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கரடி வரும், காட்டுமாடு வரும் என்றால், குழந்தையைப் பயமுறுத்துகிற கதை மாதிரிக் கேட்டாள். ஒரு நாள் ஆறரை மணிக்கு வாசல் விளக்கைப் போட்டேன். கேட்டுக்கு அந்தப் பக்கம், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு காட்டுமாடு நின்றுகொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மேலே கறுப்பு, மூக்கிலிருந்து புகையாக மூச்சு. செடியை ஒதுக்கக்கூட இல்லை, நிதானமாக எங்களைப் பார்த்தது. பாப்பா என் ஸ்வெட்டரைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்தாள். அதற்கப்புறம் ஐந்தரை மணிக்கெல்லாம் என் கணவரைத் தோட்டத்திலிருந்து வரச் சொல்லிக் கூப்பிடுகிறவள் அவள்தான். ஆனால் காலையில் பள்ளிக்குப் போகும்போது தனியாக நடந்து போகட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அதை முதல் வாரமே செய்திருக்கலாம் என்று என் கணவர் சொல்வார், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அடிக்கடி போன் செய்யாதீர்கள் என்று சங்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அங்கேயும் இங்கேயும் எட்டரை மணி நேர வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை நம் இரவு ஏழு மணி அவர்களுக்குக் காலை பத்தரை. அவள் அம்மாவோடு பேசி முடித்தாளென்றால் அன்று ராத்திரி கதவைச் சாத்திக்கொள்வாள். என்னம்மா, என்ன ஆச்சு என்று போய்த் தட்டத்தான் நமக்குக் கை வரும். தட்டாமல் இருந்தேன். மறுநாள் காலையில் தானாக வந்து சட்னிக்குத் தேங்காய் துருவினாள். இதைப் பார்த்த பிறகுதான் என் மகனுக்கு நான் தினமும் அனுப்பிக்கொண்டிருந்த ‘சாப்பிட்டியா?’ நின்றது. அவனை வைத்திருக்கும் அந்த அம்மாவுக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சாத்திய கதவு இருந்திருக்கும்.

டிசம்பரில் வீடு மாற்றம். இரண்டாவது குடும்பம் நீலகிரியின் படுகர்கள், பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்). முகவரி மாறுவதை இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் தெரிவிக்கிற வேலை, அவர்கள் கணக்கில் ஒரு ‘சி’ படிவம். அத்தைக்கு இது புரியவே இல்லை. ‘நல்லா இருக்கிற பிள்ளைய எதுக்குக் கொண்டுபோய் விடணும்?’ என்று கேட்டார். எனக்கும் அந்த விதி மேல் கோபம்தான். ஆனால் ஜனவரியில் படுகர்களின் பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் போனபோது, வெள்ளை உடுத்திய கூட்டத்தில் அவளும் வெள்ளை உடுத்தி, அந்த வீட்டுப் பெண்களோடு படுக மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இருந்த வரைக்கும் வீட்டு ஆட்களைத் தவிர யாரோடும் அவள் இப்படிக் கலந்ததில்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டு, பாட்டியை விசாரித்துவிட்டு, மறுபடி அவர்கள் பக்கம் ஓடிவிட்டாள். மத்தியானம் அவரைக் குழம்பும் சோறும் கையால்தான் சாப்பிட்டாளாம். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்த தடவை எடுத்தால் இரண்டாவது குடும்பமாகப் போகலாம் என்கிறார் என் கணவர். படிவமும் அழுகையும் முள்கரண்டியும் முதல் வீட்டோடு முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. நான் முதல் குடும்பத்துக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறேன். ஈ.பி. இணைப்பை அவர் பெயருக்கு மாற்றவும் எழுதிப் போட்டாயிற்று.