கேம்பிரிட்ஜ் சர்ப்ரைஸ் மேஜர்: எட்டுக் கயிறுகளுக்கு நடுவே வழி பிடித்தது

இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்களில் மணிகள் பாட்டு இசைப்பதில்லை. வரிசை மாறிக்கொண்டே ஒலிக்கின்றன. எட்டு மணி, எட்டுப் பேர், ஆளுக்கொரு கயிறு. மிகச் சிறியது ட்ரெபிள், மிகப் பெரியது டெனர். சக்கரத்தில் பொருத்திய மணி ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. நினைத்த நொடியில் அதை ஒலிக்க வைக்க முடியாது. அதனால் அடுத்த வரிசையில் ஒரு மணி ஓரிடம் முன்னே வரலாம், ஓரிடம் பின்னே போகலாம், அல்லது இருந்த இடத்திலேயே இருக்கலாம். இந்தச் சிறு சுதந்திரத்தை வைத்துக்கொண்டு 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆயிரக்கணக்கான 'மெத்தட்'களை, அதாவது வரிசை மாறும் முறைகளை, உருவாக்கியிருக்கிறார்கள்.

வேலைக்காக இங்கே குடிவந்த நான், ப்ளெயின் பாப் என்ற எளிய மெத்தட் வரை சிரமமில்லாமல் வந்துவிட்டேன். எட்டு மணிகளுக்கான கேம்பிரிட்ஜ் சர்ப்ரைஸ் மேஜர் என்ற மெத்தட் வேறு ரகம். அதில் 32 வரிசை கொண்ட ஒரு பகுதிக்கு லீட் என்று பெயர். ஏழு லீட் முடிந்து, 224 வரிசைகளுக்குப் பிறகுதான் மணிகள் தொடங்கிய ஒழுங்குக்குத் திரும்பும். கையில் தாள் வைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை. இரண்டு கைகளும் கயிற்றில் இருக்கும்போது தாளை எங்கே வைப்பது?

ஒரு மணி போகும் பாதையை நீலக் கோடாக வரைந்து, முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேர்வெழுத அது உதவும். அடிக்க உதவாது என்பது என் கட்சி. நடுவில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் மறுபடி எங்கே நுழைவது என்று கோடு சொல்லாது. எனக்குக் கை கொடுத்தது, ஒரு லீடுக்கு ஒரு துண்டு என்று, துண்டு துண்டாகப் படிப்பதுதான். இரண்டாம் இடத்தில் லீடைத் தொடங்கும் மணி அடுத்ததை ஆறில் தொடங்கும். பிறகு 7, 3, 4, 8, 5, மீண்டும் 2. ஏழு துண்டு என்றால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் 5இல் தொடங்கும் துண்டு 2இல் தொடங்குவதன் தலைகீழ், 8 என்பது 6இன் தலைகீழ், 7 என்பது 4இன் தலைகீழ். மூன்றோ முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான், 'விகடகவி' போல. ஆக, நெட்டுரு போட வேண்டியது நான்கே துண்டு. இதை யாரும் முதலிலேயே சொல்லாதது எனக்கு இன்றும் சின்ன வருத்தம்.

அதன் பிறகும் கோபுரத்தில் நிற்கும்போது எல்லாம் மறந்துபோகும். ஏழு கயிறுகள் மேலும் கீழும் ஓடுகின்றன. அவற்றில் எதன் பின்னால் இழுப்பது? எங்கள் கேப்டன் எழுபதைத் தாண்டிய அம்மையார். எது கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "ட்ரெபிள் எங்கே?" அது எரிச்சலூட்டும் பதில், ஆனால் சரியான பதில். உதாரணமாக நான்காம் இடத்துத் துண்டு: ஒரு டாட்ஜ், அதாவது ஓரடி பின்வாங்கி மறுபடி முன்னேறுவது, பிறகு மூன்றாம் இடத்தில் இரண்டு முறை, நான்காம் இடத்தில் இரண்டு முறை, மறுபடி டாட்ஜ், மறுபடி அதே மூன்று, நான்கு, கடைசியாக இன்னொரு டாட்ஜ். நடுவிலுள்ள டாட்ஜ் ட்ரெபிளோடுதான் நடக்கும். அங்கே ட்ரெபிளின் கயிறு என்னோடு மாறி மாறி இறங்கினால் நான் சரியான இடத்தில் இருக்கிறேன். எட்டாம் இடத்துத் துண்டில் இதே வேலை 5, 6ஆம் இடங்களில் வருகிறது; அங்கும் நடு டாட்ஜுக்குத் துணை ட்ரெபிள்தான். இப்படி ஒவ்வொரு துண்டிலும் ட்ரெபிளைச் சந்திக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டேன். கோடு தானாகவே அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டது.

மணியின் நாக்கைக் கட்டிவிட்டு, ஒலியைக் கணினி எழுப்பும்படி செய்தும் பழகினேன். எண்ணிக்கை பழக அது நல்லது. ஆனால் கணினி அடிக்கும் மற்ற ஏழு மணிகளும் பிசகுவதே இல்லை. உண்மையான கோபுரத்தில் அந்தச் சொகுசு கிடைக்காது.

ஒரு பயிற்சி மாலையில் ஏழு லீடும் கலையாமல் போயின. எட்டு நிமிடம் போல ஆகியிருக்கும். "தட்ஸ் ஆல்" என்று அம்மையார் சொன்னபோது என் தோள்பட்டை கல்லாக இறுகியிருந்தது. அடுத்த கயிற்றில் நின்றவர், நான் வரிசையின் முதலிடத்துக்கு வரும்போதெல்லாம் தாமதிக்கிறேன் என்று உடனே குறை சொன்னார். நியாயமான குறைதான்.

அடுத்தது குவார்ட்டர் பீல்: 1,250 வரிசைக்குக் குறையாமல், முக்கால் மணி நேரம். அதில் மணியடிப்பை வழிநடத்துபவர் இடையில் "பாப்" என்று குரல் கொடுப்பார். அப்போது நான்காம் இடத்தில் ஒரு மணி நின்றுவிட, சில மணிகளுக்கு 2, 6, 7 என்ற ஒழுங்கு மாறிவிடும். இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.