மல்லிகைத் தேநீர்

தோழி கொண்டுவந்த சீனத்து மல்லிகைத் தேநீர். பழக்கதோஷத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிவிட்டு, துணி உலர்த்தப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கஷாயம்!

சரி, மறுபடி. கொதித்த நீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, 80 டிகிரி வாக்கில் ஊற்றி, இரண்டே நிமிடம். மூடியைத் திறந்ததும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தை வாசம். வராமல் என்ன செய்யும், மதுரை மல்லியும் இதுவும் ஒரே இனம்தானே.

சீனாவின் ஃபூஜோ நகரத்துப் பக்கம் வசந்தத்தில் பறித்த இலையை, கோடையில் மல்லிகை பூக்கும்வரை வைத்திருப்பார்கள். பகலில் பறித்த மொட்டு இரவில் விரியும்போது இலையோடு கலந்துவிடுவார்கள். அப்புறம் பூவைச் சலித்தெடுத்து, இலையை உலர்த்தி, மறுபடி புதுப்பூ. நல்ல ரகத்துக்கு இப்படிப் பல இரவுகள்.

அம்மா ஒரு வாய் குடித்தார். "பூ ஊறின தண்ணி மாதிரி இருக்கு. சர்க்கரை எங்கடி?"