அபாயா தைத்து விற்கும் சவுதிப் பெண்கள் கவனத்துக்கு வர வேண்டியது

2018 பிப்ரவரியில் சவுதி அரேபியா பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்தது: தொழில் தொடங்க இனி ஆண் காப்பாளரின் (தந்தை, கணவர் போன்றோர்) சம்மதம் வேண்டாம். எவ்வளவு பெரிய விஷயம் அது! ஆனால் வீட்டிலிருந்து இன்ஸ்டாகிராமில் அபாயா (உடையின் மேல் அணியும் நீள அங்கி) விற்பவரின் கையைக் கடிப்பது சட்டமல்ல, அளவும் பணமும்தான்.

அபாயா அளவு 52, 54, 56 என்று இன்ச்சில் ஓடும். வாங்குபவர் தன் உயரத்தைச் சொன்னால் ஏற்கக் கூடாது. வழக்கமாகப் போடும் செருப்போடு நிற்கச் சொல்லி, தோளிலிருந்து தரை வரை டேப் வைக்கச் சொல்லுங்கள். தைத்து முடித்த நீளம் அதைவிட ஒரு இன்ச் குறைவாக இருந்தால் ஓரம் தரையில் இழுபடாது. கீழ் மடிப்பில் கூடுதலாக 2 இன்ச் துணி விட்டு வெட்டுங்கள், பின்னால் இறக்கிக்கொடுக்கலாம். ஒரு அபாயாவுக்கு 150 செ.மீ. அகலத் துணி 3 முதல் 4 மீட்டர் பிடிக்கும்.

பெரிய ஆபத்து, வாசலில் பணம் வாங்கும் முறை. வாங்குபவர் கதவைத் திறந்து "வேண்டாம்" என்றால் போக வர இரண்டு கூரியர் செலவும் உங்கள் தலையில். ஆளளவுக்குத் தைத்ததை வேறு யாருக்கு விற்பது? பாதிப் பணம் முன்பணமாக வந்தபின் கத்தரியை எடுங்கள். ரமலான் பாதியிலேயே பெருநாள் ஆர்டரை நிறுத்திவிடுங்கள்.

ஆண்டு விற்பனை 3,75,000 ரியாலைத் தாண்டினால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு கட்டாயம். 15 சதவீதத்தை விலையில் முதலிலேயே சேர்க்காதவர் லாபத்திலிருந்துதான் கட்டுவார்.