கையில் வந்தது யோபு 8:7

டிசம்பர் 31 இரவு ஆராதனை, பன்னிரண்டு மணிக்கு முழங்கால் ஜெபம், புது வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு என்று ஆளுக்கொரு வசனம் எடுக்க, தட்டில் கவிழ்த்து வைத்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்று. இதுவரைக்கும் பல சபைகளிலும் ஒரே மாதிரிதான். எனக்கு வந்தது யோபு 8:7, "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பார்களே, அதே வசனம். ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்கு முன்னால் அதிகாரத்தைத் திறந்ததுதான் வினை.

பேசுகிறவர் கர்த்தர் இல்லை, யோபின் சிநேகிதன், சூகியனான பில்தாத். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற யோபிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்குத்தான் இந்தக் கதி என்கிற பேச்சு நாலாம் வசனத்தில் இருக்கிறது. ஐந்திலும் ஆறிலும், நீ சுத்தமாயிருந்தால் என்று ஒரு நிபந்தனை. அதன் வால்தான் ஏழு. கடைசியில் 42:7-ல் எலிப்பாசையும், பில்தாத் உட்பட அவனுடைய இரண்டு சிநேகிதரையும் கர்த்தர் கோபித்துக்கொள்கிறார்: தம்மைக்குறித்து அவர்கள் சரியாகப் பேசவில்லையாம். யோபின் பின்னிலைமை ஆசீர்வாதமாக முடிந்தது உண்மை. அதற்காகப் பில்தாதின் வாய்வார்த்தை கர்த்தர் கையெழுத்திட்ட பத்திரம் ஆகிவிடுமா? ஊழியரிடம் கேட்டதற்கு, "வேதத்துல இருக்குல்ல, விசுவாசிங்க" என்றார். வேதத்தில் சாத்தான் பேசியதும்தான் இருக்கிறது. அவன் சங்கீதம் 91:11-ஐ எடுத்துச் சொன்னபோது "உன் வழிகளிலெல்லாம்" என்பதை விட்டுவிட்டதை மத்தேயு 4:6-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோளாறு அட்டையின் அளவிலேயே இருக்கிறது. விசிட்டிங் கார்டு அளவில் ஒரு வசனம்தான் அடங்கும். நிபந்தனையும் தவணையும் பெரும்பாலும் முந்தின வசனத்தில் கிடக்கும். ஆகவே முதலில் பத்து வசனம் மேலே போய், யார் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். அடுத்து "செவிகொடுத்தால்", "கைக்கொண்டால்" போன்ற "ஆல்" விகுதியைத் தேடுங்கள். உபாகமம் 28-ல் "வாலாக்காமல் தலையாக்குவார்" எல்லாருக்கும் மனப்பாடம். அதே அதிகாரம் 44-ல் அந்நியன் தலையாவான், நீ வாலாவாய் என்று இருப்பதை எந்த அட்டையிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

தவணையில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில் வரும் சமாதானத்துக்கேதுவான நினைவுகள். ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்கிறது பத்தாம் வசனம். கடிதம் கிடைத்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தவர் பாபிலோனிலேயே அடக்கம் ஆகியிருப்பார். அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று ஐந்தாம் வசனம். இரண்டே வருஷத்தில் திரும்பலாம் என்று முந்தின அதிகாரத்தில் சொன்ன அனனியா கள்ளத் தீர்க்கதரிசி. நமக்குப் பிடித்த ஆள் என்னவோ அவன்தான்!

கர்த்தர் சொன்னதுதான் என்று தெரிந்த பிறகும் காத்திருப்பது லேசில்லை. சந்ததி வாக்கை நம்பி ஆபிரகாம் புறப்பட்டது 75 வயதில், வாக்கின் பிள்ளை ஈசாக்கு பிறந்தது 100-ல். நடுவில் வீட்டு அடிமைப்பெண் ஆகாரைக் கொண்டு தானே முடித்துக்கொள்ளப் பார்த்ததில், 86-ல் இஸ்மவேல். ஆதியாகமம் 16-இன் கடைசி வசனத்தில் 86 வயது, 17-இன் முதல் வசனத்தில் 99. அச்சில் ஒரு விரல் இடைவெளி, ஆபிரகாமுக்குப் பதின்மூன்று வருஷம். அந்த இடைவெளியில் கர்த்தர் பேசியதாக ஒரு வரி இல்லை. ஆனாலும் வாக்கு ரத்தாகவில்லை. மறுபடி பேச வந்தவர் பிள்ளையின் பெயரையும், அடுத்த வருஷம் என்ற தவணையையும் சேர்த்தே சொன்னார்.

அந்தப் பதின்மூன்று வருஷத்துக்குள் மாட்டியிருக்கிறவர்கள் கிடைத்துவிட்டது என்று வாயால் அறிக்கை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்றில்லை, முறையிடலாம். சங்கீதம் 13-இன் முதல் இரண்டு வசனத்தில் தாவீது நாலு தரம் "எதுவரைக்கும்" என்கிறான். அதை அவிசுவாசம் என்று யாரும் வெட்டி எடுக்கவில்லை, பாட்டாகவே வைத்திருக்கிறார்கள்.

ஃபிரிட்ஜில் இப்போது யோசுவா 21:45. நல்வார்த்தைகளில் ஒன்றும் தவறவில்லை என்கிற வசனம். அதுவும் கானான் தேசத்தைப் பங்கிட்டு முடித்தபின் எழுதின கணக்கு என்று பென்சிலால் கீழே குறித்திருக்கிறேன். பில்தாத் அட்டை ஆதியாகமம் 16-க்கும் 17-க்கும் நடுவில் பக்க அடையாளமாக இருக்கிறது.